தண்ணிக்காரர் நின்ற இடங்கள்

தண்ணிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் ஐந்து இடங்களில் நிற்பார். வால்வு இருந்தது மூன்று இடத்தில்தான். நாலாவதாக அவர் நின்றது டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில். ஐந்தாவது, என் வீட்டு கேட். என் கேட்டுக்கு முன்னால் திறக்கவோ மூடவோ ஒன்றும் கிடையாது. அதனால் அவர் என்னிடம் பேசுவதற்காகத்தான் நிற்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையாக இருந்த மேட்டை பிளாட் போட்டு விற்ற நகர் அது. கிழக்கே ரோட்டில் ஆரம்பிக்கிற தெரு, மேற்கே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். அந்த மேல்நிலைத் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. மோட்டார் போடுவது, தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடுவது, மாதம் இரண்டு தடவை தொட்டியின் மேலே ஏறிக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாம் அவர்தான். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, வால்வைத் திருகுவதற்கு மார்புயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. சைக்கிள் வைத்திருந்தார். ஆனால் எங்கள் தெருவில் அதை மிதித்து யாரும் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார்.

நின்றதும் கம்பியின் குறுக்குப் பிடிமேல் இரண்டு கையையும் வைத்து, கைமேல் தாடையை வைத்துக்கொள்வார். உதட்டைக் குவிப்பார். விசில் அடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் வராது. தெருப் பிள்ளைகள் அவருக்கு ஊமை விசில் மாமா என்று பேர் வைத்திருந்தார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம். வீட்டுக்காரர் காலை ஆறரைக்கு கம்பெனி வேனில் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டால் பொழுது சாய்ந்துதான் வருவார். பக்கத்து மனை காலி. எதிர்ப்புறம் கொஞ்சம் தள்ளி, நடு வால்வுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மாடி வீடு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நாலு நாள் போயிருந்தது. ஐந்தாம் நாள் இவர் கேட்டருகில் நின்றார்.

"எந்த ஊரும்மா நீ?"

"மண்டகப்பட்டு பக்கம்ண்ணா."

அவர் கொஞ்ச நேரம் உதட்டைக் குவித்தபடியே இருந்துவிட்டு, "அங்க பாறையில கொடஞ்ச கோயிலு இருக்குதுல்ல. சின்ன வயசுல அங்க இன்னா ஆட்டம் ஆடுவீங்க?" என்றார்.

அதுவரை என்னிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கோயிலைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை ஒளிந்திருந்து பயமுறுத்துவதை, தூணுக்கு ஒரு ஆளாக நின்றுகொண்டு இடம் மாற்றி ஓடுவதை, ஒருநாள் என் தம்பி வழுக்கி விழுந்து பல் போனதை எல்லாம் கேட்டின் இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். முடித்ததும், "அப்ப உன் தம்பிக்கு வேற பல்லு மொளச்சிதா?" என்று கேட்டுவிட்டு, அதற்கும் பதிலை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். அன்று மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது கூட அழுகை வரவில்லை.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வியை அவர் கேட்கமாட்டார். "சாப்ட்டியா" என்று கேட்டதே இல்லை. "உங்கம்மா கேப்பைக் களிய எப்பிடி கிண்டுவாங்க?" என்பார். "உன் வூட்டுக்காரு ஃபேக்டரியில ஒரு சாமான் எங்க ஆரம்பிச்சி எங்க முடியுது?" என்பார். எனக்குத் தெரியாததை வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருந்து மறுநாள் சொன்னதுண்டு. தன்னைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். ஊர் பக்கத்துக் காலனி, மனைவி கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள், ஒரே பெண் காலேஜில் படிக்கிறாள், அவ்வளவுதான் தெரியும்.

ஒரு நாள் எதிர் மாடி வீட்டம்மா என்னிடம், "தண்ணிக்காரன் எங்கிட்டதான் நின்னு பேசுவான். எம்புள்ள பெங்களூருலருந்து போன் பண்ணா இன்னா சொன்னான்னு ஒண்ணு விடாம கேட்டுக்குவான்" என்றார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. பிள்ளை பெங்களூரில். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கவனித்துப் பார்த்தால், முதல் வால்வருகில் இருக்கும் வீட்டில் மாமியார் சண்டையைக் கேட்கிறார். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவரிடம், எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று கேட்கிறார். தெரு முழுக்க அவரிடம் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் அவர் சொன்னதில்லை. அதனாலேயே ஒவ்வொருவரும் அவர் தனக்கு மட்டும் வேண்டப்பட்டவர் என்று நினைத்திருந்தோம்.

தொட்டி கழுவுகிற நாளில் அவர் மேலே ஏறுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் ஏணி திரும்புகிற இடத்தில் ஒரு சின்னத் தளம் உண்டு. அங்கே உட்கார்ந்துவிடுவார். கீழே இருந்து நான் ஒரு தடவை, "அங்க இன்னாண்ணா பாக்கறீங்க?" என்று கேட்டேன். கையை நீட்டி ரயில் பாதைப் பக்கம் காட்டினார். ரயில் எதுவும் வரவில்லை. சாவகாசமான மனிதர் என்று சொல்லிக்கொண்டோம். சோம்பேறி என்றும் சிலர் சொன்னார்கள்.

கொரோனா வந்துபோன மறுவருஷம், என் பையனுக்கு மூன்று வயது. கத்தரி வெயில். தொட்டிக்குப் பவுடர் போட்டுவிட்டு இறங்கி வந்தவர் என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. துண்டை வாயில் வைத்து இருமினார். நிற்காமல் இருமினார். துண்டை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. ஒரு உள்ளங்கை அளவு இருக்கும். கேட்டின் கம்பியிலும் இரண்டு சொட்டு.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கொப்பளித்தார். மூச்சு அடங்குவதற்கு ரொம்ப நேரமாயிற்று.

"யாருக்கும் சொல்லாதம்மா" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா."

"போறேன். நீ சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் அவர் போனதும் கேட்டை பினாயில் ஊற்றிக் கழுவினேன். அவர் குடித்த சொம்பைத் தெருவில் எறிந்தேன். பையனை வாசலுக்கு விடவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது. அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மாடி வீட்டம்மா பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார். பொழுது போவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டிபி ஆள், இத்தனை வருஷமாக நம் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியிருக்கிறான் என்று பேச்சு. இருமினாலே ஆளைத் தள்ளி நிறுத்திப் பழகியிருந்த காலம் அது. அவரை வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்று மாடி வீட்டம்மா நல்ல கையெழுத்தில் ஒரு மனு எழுதினார். வீடு வீடாக வந்தது. என் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையெழுத்து இருந்தது. பையன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மூன்றாவதாகப் போட்டேன்.

ஐந்து நாள் அவர் வரவில்லை. வேறு ஒரு ஆள் பைக்கில் வந்து சர் சரென்று மூன்று வால்வையும் திறந்தான், மூடினான், போய்விட்டான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேஜாரு பிடித்த ஆள் என்று இஸ்திரி போடுகிறவர் சொன்னார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நடு வால்வைச் சுற்றி குடத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவர் பெண், கையில் பெரிய எக்ஸ்ரே உறை. அவளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவரைப் போலவே ஒல்லி, நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிற பெண்.

மாடி வீட்டம்மா மனுவைக் கையில் வைத்திருந்தார். "இன்னாப்பா, சொல்லாம இருந்துட்டியே. சின்னப் பசங்க இருக்கற தெரு" என்றார்.

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். கம்பி கொண்டுவரவில்லை, அதனால் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். உதட்டைக் குவித்து இரண்டு மூன்று தடவை ஊதினார். அன்றைக்கு அவரிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. சொல்லத்தான் இருந்தது.

"எனக்கு டிபி இருந்துச்சி" என்றார். நிறுத்தினார். "பதினஞ்சு வருஷம் ஆச்சி."

அவர் மூச்சு இழுக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மொதல் தபா மருந்து சாப்ட்டப்ப, நாலாம் மாசம் நல்லா ஆயிட்டேன். கபகபனு பசி. வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். போதும்னு வுட்டுட்டேன்." மறுபடியும் நிறுத்தம். "என் தப்புதான். திரும்பி வந்துச்சி."

மாடி வீட்டம்மா இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் கையைத் தூக்கி, "அவரு முடிக்கட்டும்ங்க" என்றாள்.

"ரெண்டாந் தபா... ஒரு வேள வுடாம சாப்ட்டேன். கிருமி போயிடிச்சி. ஆனா உள்ள... நுரையீரல்ல பாதி தழும்பா பூட்ச்சி. அதுல காத்து போவாது. மேடு ஏறனா வாங்கும். பவுடர் நெடி ஆவாது." நெற்றியைத் துண்டால் துடைத்தார். "அன்னிக்கி வந்த ரத்தம், அந்தப் பழைய காயத்துலருந்து. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில சளி பாத்தாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. கிருமி இல்ல. யாருக்கும் ஒட்டாது. தண்ணியில அது எப்பவும் பரவாதாம். பேப்பரு இருக்குது, பாருங்க."

ஐந்து நிமிஷத்தில் சொல்லக்கூடியதற்கு கால் மணி நேரமானது. தெருவில் இத்தனை வருஷமாக நாங்கள் பேசினோம், அவர் நின்றார். அன்றைக்கு அவர் பேசினார், நாங்கள் குடத்தோடு நின்றோம்.

பெண் பேப்பரை நீட்டினாள். மாடி வீட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்து முடித்தும் நிமிரவில்லை. பிறகு கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"அப்ப எங்கிட்ட வந்து தெனம் நின்னியே. எம்புள்ள போன் பண்ணானா, இன்னா சொன்னான்னு கேட்டியே. அதெல்லாம் மூச்சு வாங்கறதுக்குத்தானா?"

எனக்கும் அதையேதான் கேட்கவேண்டியிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. "ஆமாங்கம்மா" என்றார். "நிக்கணும். சும்மா நின்னா ஏன் நிக்கறன்னு கேப்பாங்க. அதான் எதுனா கேட்டுக்கினு நிப்பேன்." கொஞ்சம் ஊதிக்கொண்டார். "ஆனா சொன்னீங்கன்னா காதுல வுழுதே. வுழுந்தத இன்னா பண்றது. போன வாரம் பேரனுக்குப் பல்லு மொளச்சிடிச்சின்னீங்க. மேல் பல்லா கீழ் பல்லான்னு கேக்கறதுக்குள்ள... இருமல் வந்திடிச்சி."

மாடி வீட்டம்மா மனுவை நாலாக மடித்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கீழ் பல்லு" என்றார். "ரெண்டு."

"ரெண்டா" என்றார் அவர். சிரித்தபோது மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை யாரும் விலகவில்லை.

மனு போகவில்லை. மாடி வீட்டம்மாவே ஊராட்சிக்குப் போய், தொட்டி ஏறுவதையும் பவுடர் போடுவதையும் அந்த பைக் ஆளிடம் கொடுக்கச் சொல்லி, வால்வு வேலை மட்டும் இவருக்கென்று பேசி முடித்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, அவர் தெருவில் மற்றவர்களைப் பார்க்கப் போனபோது அந்தப் பெண் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே தெரியாதுக்கா" என்றாள். "ஆஸ்பத்திரியில டாக்டரு எக்ஸ்ரேவ வெளிச்சத்துல வெச்சி, எப்ப டிபி வந்துச்சின்னு கேக்கறாரு. அப்பா என்னப் பாத்தாரு. அப்பறம் வெளிய போயி ஒரு டீ சொல்லிட்டு வான்னாரு. நான் போவல."

"உங்கம்மாவுக்கு?"

"தெரியும். ரெண்டு பேரும் சேந்து மறச்சிருக்காங்க. என் கல்யாணத்துக்கு எவனும் வரமாட்டானாம்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சின்ன வயசுல திருவிழாவுல சாமி தெரியலன்னு தூக்கச் சொல்லி அழுவேன். ஊர்ல எல்லா அப்பாவும் தூக்கிகினு நிப்பாங்க. இவரு மட்டும் தூக்கமாட்டாரு. நீயே எக்கிப் பாருன்னுவாரு. சைக்கிள் கத்துக்கறப்ப பின்னாடி ஓடி வரமாட்டாரு. என்னைப் புடிக்கல, ஆம்பளப் புள்ள இல்லன்னு கோவம்னு நெனச்சேன்க்கா. இத்தினி வருஷமா அதான் நெனச்சிகினு இருந்தேன். அவருகிட்ட ஒழுங்கா பேசுனது கூட இல்ல."

தெரு முனையில் அவர் இஸ்திரி வண்டியருகில் நின்றிருந்தார். இஸ்திரி போடுகிறவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போனாள். அவர் கையிலிருந்த சைக்கிளைத் தான் வாங்கித் தள்ளிக்கொண்டு, இரண்டடி முன்னால் நடந்தாள். அவர் வெறும் கையோடு பின்னால் வந்தார்.

கையெழுத்துப் போட்டதை அவரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பத்து நாள் கழித்து, கேட்டில் அவர் நின்றபோது சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. மூணாவது."

"எம்மேல கோவம் இல்லையாண்ணா?"

அவர் உதட்டைக் குவித்து ஊதி முடிக்கும்வரை காத்திருந்தேன். "கோச்சிக்கறதுக்கு நெறைய மூச்சு வேணும்மா" என்றார். "அத்த வெச்சி நான் ரெண்டு வால்வு தொறந்துடுவேன்." பிறகு கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, "உம்புள்ள மண்ணுல இன்னாவோ கட்டிகினு கீறானே. அது இன்னாதுன்னு கேளு" என்றார். பையனை அவரருகில் விட்டேன். அது பாலம் என்றும், எந்தப் பக்கம் லாரி போகும், எந்தப் பக்கம் பஸ் போகும் என்றும் அவன் விளக்கி முடிக்கிறவரை அவர் நின்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்தவரை வால்வு வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்வதாகச் சொல்வார். பெண்ணுக்கு வந்த முதல் வரனிடம் விஷயத்தை அவரே போய்ச் சொன்னார். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் அந்தப் பெண்ணே சொன்னாளாம். மாப்பிள்ளைப் பையன், "அதுக்கும் எனக்கும் இன்னாங்க சம்பந்தம்" என்று கேட்டானாம். இதைச் சொன்னபோது மட்டும் அவர் தன் கதையை நாலைந்து வாக்கியம் சேர்ந்தாற்போலச் சொன்னார். நடுவில் ஊதவேண்டியிருந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரருக்கு வேலை மாறி, நாங்கள் விழுப்புரம் வந்து இப்போது மூன்று வருஷம். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் செய்தால், "நீ பேசு" என்பார். நான்தான் பேசுவேன். அந்தப் பக்கமிருந்து ஊதுகிற காற்று மட்டும் கேட்கும். போன மழைக்காலத்தில் வால்வு வேலையையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். மேடு பெரிதாகிக்கொண்டே போகிறதாம்.

போன மாசம் ஊருக்குப் போக செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் வருகிறார். ரொம்ப இளைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கவேண்டும், பெண்ணின் கையில் அதே மாதிரி உறை. அவள் தாலிக்கொடியும் கொஞ்சம் பூசின உடம்புமாக இருந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஒரு வளையல் கடையில் நின்றாள். எதையோ எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். அவர் பின்னால் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு குவிந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு டஜனை எடுத்தாள். அவர் தூணிலிருந்து கையை எடுத்தபின்தான் நகர்ந்தாள். பதினைந்து இருபது அடி நடந்திருப்பார்கள். கொய்யாப்பழ வண்டி ஒன்று வந்தது. அங்கேயும் நின்றாள்.

பஸ் புறப்பட்டு மெதுவாக அவர்களைக் கடந்தது. அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இது எந்த ஊரு கொய்யாண்ணா? எங்கருந்து எப்பிடி கொண்டாந்து சேக்கறீங்க?"

வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.